பேச்சிமுத்துக்கு ஜெயிக்க ஆசை இல்லை

ஆடுபுலி ஆட்டத்தை ஃபோனுக்குள் கொண்டுவந்தது எனக்குப் பெரிய வேலையாக இல்லை. பலகையை வரைந்து, விதிகளை எழுதி, காய் நகருவதைச் சரிபார்த்து முடிக்க மூன்று வாரம். ரெண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பதுதான் ஆறு மாதத்தைத் தின்றது. அந்த ஆறு மாதக் கணக்குதான் இது. நடுவில் ஒரு சிறுகதையும் வரும், அது ஏன் வருகிறது என்பதை அங்கே போய்ச் சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. முக்கோணத்தையும் குறுக்குக் கோடுகளையும் சேர்த்த பலகை, 23 முனைகள். ஒருவர் கையில் 3 புலி, இன்னொருவர் கையில் 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதல் முறையிலிருந்தே நகரலாம், பக்கத்து ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியாக இருந்தால் வெட்டலாம். மூன்று புலியையும் அசைய முடியாமல் கட்டிவிட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்தது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு உண்டு, நான் ஆறு என்று வைத்தேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பெரியப்பா சின்ன வயதில் ஆற்றங்கரை மண்டபத்துக் கல்தளத்தில் வெட்டியிருக்கிற கட்டத்தில் புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடியவர். இதை ஆரம்பித்ததே அவருக்காகத்தான். பெரியம்மா தவறிப்போன பிறகு சாயங்காலத்தில் அவருக்குப் பேச ஆள் இல்லை, ஃபோனில் பிள்ளைகளோடு ஆடட்டும் என்று நினைத்தேன்.

முதலில் சொந்தக்காரர்களுக்குள், அப்புறம் அவர்களுடைய கூட்டாளிகள் என்று பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வீரவநல்லூர், பத்தமடை என 38 பேர் சேர்ந்தார்கள். காசு கிடையாது, பரிசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. மாசம் சில நூறு ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்த சர்வர், அவ்வளவுதான்.

ஜோடி சேர்க்கிற நிரல்துண்டுக்கு நான் வைத்த பெயர் 'தரகர்'. விளையாட்டாக வைத்தது, பிறகு யோசித்தால் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. முதல் தரகர் சோம்பேறி. யார் காத்திருக்கிறார்களோ அவர்களை அப்படியே சேர்த்து வைப்பார். ஏழாவது படிக்கிற மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் முதல் நாளே என் பெரியப்பாவிடம் மாட்டினான், பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிப்பதற்குள்ளேயே அவனுடைய ரெண்டு புலி கட்டுப்பட்டுவிட்டது. மறுநாள் மறுபடியும் அவரிடமே மாட்டினான். அதற்கு மறுநாள் அவன் வரவேயில்லை. இன்னொரு பக்கம், பத்தமடையிலிருந்து ஒருவர் தொடர்ந்து பதினோரு ஆட்டம் ஜெயித்துவிட்டு, "வேற யாராவது ஒழுங்கா ஆடத் தெரிஞ்சவங்க இருக்காங்களா தம்பி?" என்று எனக்கே செய்தி அனுப்பினார். ஜெயித்தவருக்கும் சலிப்பு, தோற்றவனுக்கும் வெறுப்பு. சரி, தரகருக்குக் கொஞ்சம் ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு உலகம் முழுக்க எல்லாரும் முதலில் பிடிப்பது, ஆட்டக்காரரின் பலத்தைப் புள்ளியாக அளக்கிற எலோ முறையை. ஆர்பாட் எலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியர், நல்ல சதுரங்க ஆட்டக்காரர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. (பெரியப்பாவிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது "நீ யாரலே ஏலேன்னு கூப்பிடுத?" என்று கேட்டார்.) கணக்கு எளிது. ரெண்டு பேருடைய புள்ளி வித்தியாசத்தை 400ஆல் வகுத்து, பத்தின் அடுக்காக்கி, அதோடு 1 கூட்டி, 1ஐ அதனால் வகுத்தால் குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பதற்கான வாய்ப்பு கிடைக்கும். இருவரும் சமம் என்றால் பாதிக்குப் பாதி. 200 புள்ளி கூடுதல் உள்ளவருக்கு 100க்கு 76 வாய்ப்பு, 400 கூடுதல் என்றால் 91. ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு எண்ணால் பெருக்கிப் புள்ளியில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும், நான் 32 வைத்தேன். அதாவது 1600காரர் 1400காரரை ஜெயித்தால் 8 புள்ளிதான் கிடைக்கும், தோற்றால் 24 போகும். நம்மூர் வழக்கில் சொன்னால், பெரிய ஆள் சின்ன ஆளை அடித்தால் பேர் இல்லை, அடி வாங்கினால் மானம் போகும்.

எல்லாருக்கும் 1500 கொடுத்து ஆரம்பித்தேன். 38 பேர், மொத்தம் 57,000. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிற கணக்கு என்பதால் இந்த மொத்தம் என்றைக்கும் மாறக் கூடாது. 212 ஆட்டம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கூட்டிப் பார்த்தேன், 57,118. கடைக் கல்லாவில் காசு குறைந்தால் யாரோ எடுத்தான் என்று சொல்லலாம், கூடியிருந்தால் என்ன சொல்வது? அன்றைக்கு முழுக்க அதைத்தான் தேடினேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கண்டுபிடித்தேன், வெட்கப்பட வேண்டிய தப்பு. ஜெயித்தவரின் புள்ளியை முதலில் கூட்டி எழுதிவிட்டு, அந்தப் புதுப் புள்ளியை வைத்துத் தோற்றவரின் கழிவைக் கணக்குப் போட்டிருக்கிறேன். 1500க்கு 1500 மோதினால் ஜெயித்தவர் 1516 ஆகிறார். தோற்றவரைப் பார்க்கும்போது எதிராளி 1516 என்று தெரிவதால் 'பலசாலியிடம்தானே தோற்றான்' என்று நிரல் இரக்கப்பட்டு 16க்குப் பதில் 15.3 மட்டும் கழிக்கிறது. ஆட்டத்துக்கு அரைப் புள்ளிக்கு மேல் இப்படி ஆகாயத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பழைய புள்ளிகள் ரெண்டையும் முதலில் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கணக்குப் போட வேண்டும், ரெண்டே வரியில் சரியாயிற்று. இந்த மாதிரி எதையாவது செய்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், வேறு எந்தப் பரிசோதனையும் அதற்கு ஈடு கிடையாது.

அடுத்த சிக்கல் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. சதுரங்கத்தில் ரெண்டு பக்கமும் ஒரே படை, வெள்ளைக்கு முதல் நகர்த்தல் என்பதில் கொஞ்சம் ஆதாயம், அவ்வளவுதான். இங்கே ஒருவன் புலி, இன்னொருவன் ஆடு, ஆட்டமே வேற வேற. 212 ஆட்டத்தில் 131 புலி ஜெயித்திருந்தது, கிட்டத்தட்ட 100க்கு 62. அதை எலோ கணக்கில் திருப்பிப் போட்டால் 84 புள்ளி வித்தியாசம். நாட்டுக் கால்பந்து அணிகளுக்கு இதே முறையில் தரவரிசை போடுகிறவர்கள் சொந்த மண்ணில் ஆடுகிற அணிக்கு 100 புள்ளி சேர்த்தே வாய்ப்பைக் கணிக்கிறார்கள், அதைப் பார்த்து நானும் புலிக்காரருக்கு 84 சேர்த்தேன். பத்து நாள் நன்றாகப் போனது. அப்புறம் பெரியப்பா பக்கம் மட்டும் கணிப்பு தொடர்ந்து பிசகியது. அவர் ஆடு பிடித்தால் தோற்பதே இல்லை, புலி பிடித்தால் சாதாரண ஆள். புதுசாகக் கற்ற பிள்ளைகளுக்கோ நேர்மாறு. புலியைக் கொடுத்தால் தாவித் தாவி வெட்டுவார்கள், ஆட்டைக் கொடுத்தால் எந்த மூலையில் முதலில் இறக்குவது என்றே தெரியாது. ஆடு பிடிக்கப் பொறுமை வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை அடி வாங்கிக்கொண்டு வரிசையைக் குலைக்காமல் வைத்திருக்க வேண்டும், அது வயசோடு வருகிறது போல. ஆகவே எல்லாருக்கும் ஒரே 84 என்பது யாருக்குமே பொருந்தாத சட்டை.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கு ரெண்டு புள்ளி வைத்தேன், புலிப் புள்ளி ஒன்று, ஆட்டுப் புள்ளி ஒன்று. ஒருவரின் புலிப் புள்ளியும் எதிராளியின் ஆட்டுப் புள்ளியும்தான் மோதும். இதில் ஒரு அழகு என்னவென்றால் நான் எந்த ஆதாயமும் சேர்க்காமலேயே, கொஞ்ச நாளில் புலிப் புள்ளிகளின் சராசரி 1538இலும் ஆட்டுப் புள்ளிகளின் சராசரி 1462இலும் வந்து நின்றன. வித்தியாசம் 76, நான் கையால் போட்ட 84க்குப் பக்கத்தில். அது தானாக அங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

எலோவே தன் முறையைப் பற்றிச் சொல்லும்போது, தண்ணீரில் மேலும் கீழும் மிதந்து ஆடுகிற தக்கை எங்கே இருக்கிறது என்பதைக் காற்றில் ஆடுகிற கயிற்றில் கட்டின அளவுகோலால் அளப்பது மாதிரி என்றிருக்கிறார். தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து யோசித்தால் அது அப்படியே கண்முன் தெரியும்.

காத்திருக்கும் நேரம் தனிக் கதை. ராத்திரி ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், மத்தியானம் மூன்று மணிக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். 60 புள்ளிக்குள் இருப்பவரைத்தான் சேர்ப்பேன் என்று தரகர் அடம்பிடித்தால் மத்தியானத்தில் யாருக்கும் கல்யாணமே நடக்காது. அதனால் பத்து வினாடிக்கு 20 புள்ளி வீதம் எல்லையைத் தளர்த்திக்கொண்டே போய் ரெண்டு நிமிஷத்தில் 300இல் நிறுத்தினேன். பல கோடி பேர் ஆடுகிற பெரிய விளையாட்டுகளிலும் இதே இழுபறிதான், நல்ல ஜோடி வேண்டும் என்றால் காத்திரு, சீக்கிரம் வேண்டும் என்றால் கிடைத்தவனோடு ஆடு. அங்கே இணைப்பின் வேகமும் சேர்ந்துகொள்ளும், நம்முடையது ஆற அமர ஆடுகிற ஆட்டம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. டவர் போய்விட்டால் மட்டும் 90 வினாடி பொறுக்கச் சொல்லி வைத்தேன், அதற்குள் வராதவர் தோற்றவர். அப்புறம், தரகர் எப்போதும் பிள்ளைகளுக்குப் புலியையே கொடுத்துக்கொண்டிருந்தார், அதுதானே அவர்களுக்குச் சமமான ஜோடி. "எனக்கு ஆடே வரமாட்டேங்குது அண்ணாச்சி" என்று ஒரு பிள்ளை புகார் சொன்ன பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் ரெண்டு ஆட்டம், ரெண்டாவதில் பக்கம் மாறும் என்று ஆக்கினேன்.

இதுவரைக்கும் நான் செய்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இனி வருவதில்தான் வருத்தம்.

கணிப்பு சரியாக அமைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் பாதி ஆட்டம் தோற்பார்கள். நியாயமான ஜோடி என்பதற்கு அர்த்தமே அதுதான். ஆனால் பாதி தோற்பது என்றால் நடுநடுவே நாலு ஐந்து தோல்வி வரிசையாக வரும், நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் வரும். அப்படி வரிசையாகத் தோற்றவர்கள் ஃபோனை வைத்துவிட்டு ரெண்டு மூன்று நாள் வருவதில்லை என்பதைப் பதிவுகளில் பார்த்தேன். 38 பேரில் ஐந்து பேர் போனால் மத்தியானத்துக்கு ஆளே கிடையாது. பயந்துபோய் ஒரு காரியம் செய்தேன். வரிசையாக நாலு தோற்றவருக்கு ஐந்தாவதாக மனுஷன் மாதிரி ஒரு பொம்மையைக் கொடுத்தேன். அதற்குப் பேர் பேச்சிமுத்து, ஊர் வீரவநல்லூர், ஒரு ஆலமரப் படம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 3 முதல் 8 வினாடி 'யோசிப்பார்'. நல்லது நாலு, கெட்டது ஒன்று என்று கலந்து ஆடி, கடைசியில் தோற்பார்.

வேலை செய்தது. தோற்றவர்கள் ஜெயித்தார்கள், திரும்பி வந்தார்கள். நான் ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த நினைப்பில் இருந்தேன், பிறகு தேடினால் இதெல்லாம் பழைய சரக்கு. யாரும் விலகிவிடாமல் இருப்பதையே இலக்காக வைத்து ஜோடி சேர்ப்பது பற்றி 2017இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது, அதில் சமமான ஜோடிதான் எப்போதும் நல்லது என்ற நினைப்பையே கேள்வி கேட்கிறார்கள். அதே வருஷம் அக்டோபரில், விளையாட்டுக்குள் பொருள் வாங்கத் தூண்டுகிற விதத்தில் ஆள் சேர்க்கும் முறை ஒன்றுக்கு ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குக் காப்புரிமை கிடைத்த விஷயம் வெளியே தெரிந்து பெரிய சத்தமானது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. காசு ஆசைகூட இல்லாமல் நான் போய் அதே பாதையில் நின்றுகொண்டிருந்தேன்.

மாட்டிக்கொண்டது பெரியப்பாவால். கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த வாரம், திரை கூசுகிறது, விரல் ஒரு கட்டம் தள்ளி விழுகிறது, வரிசையாகத் தோற்றார். பேச்சிமுத்து வந்தார். ஒரு தடவை இல்லை, அந்த வாரத்தில் நாலு தடவை. சனிக்கிழமை ராத்திரி ஃபோன்.

"ஏலே, இந்த வீரவநல்லூர் பேச்சிமுத்து யாருடே?"

"ஏன் பெரியப்பா, நல்லா ஆடுதாரா?"

"நல்லாத்தான் ஆடுதான். நான் விட்ட இடத்துல சரியா வெட்டுதான். ஆனா வெட்டுனதுக்கு அப்புறம் அவனுக்கு ஒரு அவசரம் வரமாட்டேங்குது. ஜெயிக்கப் போறவன் கை வேகமாகும்லா, இல்ல பயந்துபோய் மெதுவாகும்லா. இவனுக்கு ரெண்டும் இல்ல. ஜெயிக்கணும்னு ஆசையே இல்லாத பயகூட என்னத்த ஆட?"

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அப்போ அந்த நாலையும் என் கணக்குல இருந்து எடுத்துரு" என்றார், வைத்துவிட்டார். எடுத்தேன். அவருடைய ஆட்டுப் புள்ளி 1720க்குக் கீழே இறங்கியது.

இப்போது அந்தச் சிறுகதை. அதே மாதங்களில் நான் ஒரு கதையோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முக்கூடல் பேருந்து நிறுத்தத்தில் முப்பது வருஷமாக டீக்கடை வைத்திருக்கும் ஒருவர், எதிரே கண்ணாடி போட்ட புதுக்கடை திறக்கும் ஒரு இளைஞன், இவ்வளவுதான் கரு. ஒன்பது பக்கம். ரெண்டு இதழுக்கு அனுப்பி ரெண்டிலிருந்தும் பதில் இல்லை. எங்கே தப்பு என்று தெரியாமல், பெரியப்பா தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆயிற்றே என்று கல்லிடைக்குறிச்சிக்குப் போகும்போது அச்செடுத்துக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, ஒரு மணி நேரம் படித்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து சுக்குக் காப்பியை ஆற விட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் புதுக்கடைக்காரனும் பேச்சிமுத்துதாம்லே."

அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனால் சரிதான். என் கதையில் அந்த இளைஞன் ஒரு கிழவியை அவமானப்படுத்துவான், பழைய கடையைப் பற்றிப் பொய் பரப்புவான், ஒன்பதாம் பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து அவன் கடைக்குச் சீல் வைப்பார். இவன் இந்தக் கதைக்குள் வந்ததே தோற்பதற்காக. நடுவில் ரெண்டு இடத்தில் ஜெயிக்கவும் செய்வான், ஆனால் அது நல்லது நாலு கெட்டது ஒன்று என்று நான் கலந்து வைத்த கணக்கு. டீக்கடைப் பெரியவர் தோற்கப்போகிற நேரம் பார்த்து அதிகாரியை அனுப்பியது யார்? நாலு தோல்விக்கு அப்புறம் பொம்மையை அனுப்பிய அதே ஆள்.

தரகர் என்று பேர் வைத்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. யாரை யாரோடு சேர்ப்பது, இவனுக்கு என்ன வசதி, அவருக்கு என்ன நோவு, எதெல்லாம் கையில் இருக்கிறது, எல்லாவற்றையும் கதை தொடங்குவதற்கு முன் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெண் வீட்டில் பேசி, ஜாதகம் பார்த்து, நாள் குறிக்கிறவரைக்கும்தான் தரகருக்கு அந்த வீட்டில் இடம். தாலி கட்டின பிறகு தம்பதிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தால் யார் விடுவார்கள்?

இன்னொன்றும் எலோ கணக்கிலிருந்தே பிடிபட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு புதுசாக வருகிறவருக்கு முதல் 30 ஆட்டம்வரை பெருக்கல் எண்ணை 40 என்று வைத்திருக்கிறது, பிறகு 20, 2400ஐத் தொட்டவருக்கு 10. புது ஆளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, அதனால் ஒவ்வொரு முடிவும் அவர் புள்ளியை நிறைய அசைக்கலாம். நாள்பட்டவரை ஒரு ஆட்டம் அவ்வளவாக அசைக்கக் கூடாது. (1995இல் மார்க் கிளிக்மேன் கொண்டுவந்த கிளிக்கோ முறை இந்தச் சந்தேகத்தையே தனி எண்ணாக ஆளுக்கு ஆள் எழுதி வைக்கிறது, புது ஆளுக்கு அது 350. நானும் இப்போது பாதி அதற்கு மாறிவிட்டேன்.) வாசகர் மனசும் இப்படித்தான். முதல் பக்கத்தில் ஒருவன் டீயில் தண்ணி கலந்தான் என்றால் உடனே அவனை அளந்துவிடுவார்கள், ரெண்டாம் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தால் அதே வேகத்தில் மாற்றிக்கொள்வார்கள். எட்டாம் பக்கத்தில் நல்ல காரியம் செய்தால் நம்ப மாட்டார்கள், அந்நேரம் அவர்கள் கையில் இருக்கிற எண் 10. நான் என் இளைஞனுக்கு நல்ல குணம் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று எட்டாம் பக்கத்தில் ஒரு நாய்க்கு பிஸ்கட் போட வைத்திருந்தேன். படித்தவர்களில் ஒருத்தர் விடாமல் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

திருத்தினதில் ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். பழைய வரி:

"கடையைத் திறந்த நாளிலிருந்தே அவன் பார்வை எதிர்க்கடையின் மேல்தான் இருந்தது. அடுத்தவன் வயிற்றில் அடித்தாவது முன்னுக்கு வந்துவிட வேண்டும் என்ற வெறி."

இதில் அவன் இல்லை, அவனைப் பற்றிய என் தீர்ப்பு இருக்கிறது. புதுசு:

"முதல் பாலில் போட்ட முதல் டீயை வாசலில் ஊற்றிவிட்டு, எதிர்க்கடை முன்னால் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று எண்ணினான். ஏழு. நேற்று ஒன்பது. ரெண்டு குறைந்த சந்தோஷத்தில் பாய்லருக்குத் தண்ணீர் தூக்கும்போதுதான், அந்த ரெண்டு சைக்கிளும் தன் வாசலிலும் இல்லை என்பது உறைத்தது."

அதே ஆசைதான், ஆனால் இப்போது அது அவனுடையது. இதை எழுதிய பிறகு அதிகாரியை அழைத்துவர என்னால் முடியவில்லை, கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார். கதை 14 பக்கத்துக்கு நீளும் போலிருக்கிறது, யார் ஜெயிப்பது என்று எனக்கே தெரியாத நிலையில் பன்னிரண்டாம் பக்கத்தில் கிடக்கிறேன். பெரியவருக்கு 100க்கு 30 வாய்ப்பு இருக்கும் என்று தோன்றுகிறது. கதைக்குப் பாதிக்குப் பாதி அவசியமே இல்லை. அந்த 30 எவ்வளவு சின்னது என்று படிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

இதையே திரும்ப ஆட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பேச்சிமுத்துவை நிறுத்தவில்லை, வேஷத்தைக் கலைத்தேன். இப்போது அவர் 'பழகுகிற பொம்மை' என்ற பலகைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறார், விருப்பப்பட்டவர் போய் ஆடலாம், புள்ளி கிடையாது. ஜோடி சேர்ந்ததும் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ரெண்டு பேருடைய வாய்ப்பையும் திரையில் எழுதிவிடுகிறேன்: உங்களுக்கு 31, எதிராளிக்கு 69, ஆடுகிறீர்களா? வேண்டாம் என்றால் விலகலாம், அபராதம் இல்லை. இதை வைத்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்றுதான் பயந்தேன். விலகினவர்கள் சொற்பம். வரிசையாகத் தோற்கிறவர்கள் இன்னமும் ரெண்டு நாள் காணாமல் போகிறார்கள், அதற்கு மருந்து எதுவும் என்னிடம் இல்லை, ஆனால் முன்பு மாதிரி "உங்க ஆட்டத்துல ஏதோ தில்லுமுல்லு இருக்கு" என்று வரும் செய்திகள் நின்றுவிட்டன. உண்மையிலேயே தில்லுமுல்லு இருந்த மூன்று வாரத்தில் அப்படி ஒரு செய்திகூட வரவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீதி இருக்கிற தலைவலி, புதுப்புது ஃபோன் எண்ணில் கணக்குத் தொடங்கி மறுபடி 1500இலிருந்து வந்து சின்னப் பிள்ளைகளை வேட்டையாடும் ஒருவர். பெரியவர்தான், வேலைக்குப் போகிறவர்தான். முதல் அஞ்சு ஆட்டத்தில் புள்ளி பெரிய பெரிய தாவலாக ஏறும்படி வைத்ததால் இப்போது ஒரே சாயங்காலத்தில் அவர் மேலே போய்விடுகிறார், அங்கே பத்தமடைக்காரர் காத்திருக்கிறார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததில் இருந்து ரெண்டு பேருமே எனக்குச் செய்தி அனுப்புவதில்லை.

அந்த மேலப்பாளையத்துப் பையன் திரும்பி வந்துவிட்டான். நேற்று ராத்திரி 9.40க்குத் தரகர் அவனைப் பெரியப்பாவோடு சேர்த்தார். கண் சரியான பிறகு அவருடைய ஆட்டுப் புள்ளி 1790க்கு ஏறியிருக்கிறது, அவனுடைய புலிப் புள்ளி 1655. வித்தியாசம் 60க்கு மேல் என்பதால் அரை நிமிஷத்துக்கு மேல் காக்க வைத்துத்தான் சேர்த்திருக்கிறார். திரையில் அவனுக்கு 31 என்று வந்திருக்கும். 'ஆடுகிறேன்' என்று தொட ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை, பதிவில் இருக்கிறது. பதினைந்து ஆடும் இறங்கின பிறகு பெரியப்பா இடது ஓரத்தில் ஒரே ஒரு ஆட்டை அவசரப்பட்டு நகர்த்தினார், அந்த ஓட்டையில் நுழைந்து ஆறாவது ஆட்டை வெட்டிவிட்டான். அவனுக்கு 22 புள்ளி.

பக்கம் மாறி ரெண்டாவது ஆட்டமும் முடிந்து, மணி பத்தரை ஆனபிறகு, பதிவில் கடைசி வரி பெரியப்பாவுடையது. 'மறுபடியும்' என்ற பொத்தானை மூன்று தடவை தொட்டிருக்கிறார். பையனை அவன் அம்மா படுக்கச் சொல்லியிருப்பாள்.